அதே நொடியில் மாறிய கோப்பு

சாந்தகுமாரி அந்த பேட்ச்சை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தபோது காலை ஏழரை மணி. பிரேசர் டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் இட்லி ஆறிப் போயிருந்தது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எந்தக் கோப்பில், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கருவிகள் உண்டு. ஹெரான் அப்படி ஒன்று. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தியும் அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர். இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது உள்ளே சேரும். ஒன்பது வருடமாக அப்படிப் படிக்கிறவர்களில் சாந்தகுமாரியும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. அவளுடைய உத்தியோகம் லிஃப்ட் கம்பெனி ஒன்றில்.

இந்த பேட்ச்சை அனுப்பியவர் பெயர் சுதீர். பெரிய புராஜெக்ட்டில், எதெல்லாம் மாறியிருக்கிறது என்று ஹெரானைக் கேட்டால் பதில் வரப் பதினோரு நொடி ஆகும். சுதீரின் பேட்ச்சைப் போட்டால் ஒரே நொடி. பதினான்கு பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளிவர வேண்டும்.

மிச்சமான பத்து நொடி எங்கேயிருந்து வந்தது என்பதுதான் சாந்தகுமாரியின் கேள்வி. பதில், சுதீர் அழித்திருந்த எட்டு வரிகளில் இருந்தது.

ஹெரான் எல்லாக் கோப்பையும் திறந்து பார்ப்பதில்லை. கோப்பு கடைசியாக மாறிய நேரமும் அதன் அளவும் பதிவில் உள்ளபடியே இருந்தால், மாறவில்லை என்று நம்பிவிடும். ஆனால் பதிவு எழுதிய அதே நொடியில் கோப்பும் எழுதப்பட்டிருந்தால் அந்த நம்பிக்கை செல்லாது. பதிவுக்குப் பிறகு, அந்த நொடி முடிவதற்குள் யாராவது அதை மாற்றியிருக்கலாம். அதனால் அப்படிப்பட்ட கோப்புகளை மட்டும் திறந்து படித்துவிடும். புதிதாக இறக்கிய பெரிய புராஜெக்ட்டில் கடைசி நொடியில் எழுதப்பட்டவை பல ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படிப்பதில்தான் பத்து நொடி போனது. சுதீர் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டிருந்தார்.

‘இதை இப்படியே சேர்க்க முடியாது’ என்று ஆரம்பித்து, காரணத்தையும் எழுதி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் சுதீரிடமிருந்து செய்தி வந்தது. அவரும் பெங்களூர்தானாம், பேசலாமா என்று கேட்டிருந்தார். அவளே கூப்பிட்டாள்.

“மேடம், எந்த மனுஷன் ஒரே செகண்டுல ஃபைலை எழுதி, ரெக்கார்ட் பண்ணி, திரும்பவும் மாத்துவான்?”

“மனுஷன் மாத்த மாட்டான் சார், ஸ்கிரிப்ட் மாத்தும். எங்க ஆபீஸ்ல லிஃப்ட் செட்டிங் எல்லாம் ஸ்கிரிப்ட்தான் எழுதுது. கதவு அஞ்சு செகண்டு திறந்திருக்கணும்னு இருந்ததை மூணுன்னு மாத்தினா ஃபைல் சைஸ் மாறாது. நேரமும் அதேதான். உங்க பேட்ச் போட்டா ஒண்ணுமே மாறலைன்னு சொல்லும்.”

“தியரில சரிதான். நடந்து பாத்திருக்கீங்களா?”

“சாயங்காலத்துக்குள்ள காட்டறேன்.”

ஆபீஸிலிருந்து திரும்பியதும் இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கோப்பை எழுது, பதிவு செய், உடனே ஒரு எண்ணை மாற்று, ஹெரானைக் கேள். ஆயிரம் முறை. சுதீரின் பேட்ச் தொள்ளாயிரத்து எண்பத்தொரு முறை மாற்றத்தைத் தவறவிட்டது. வாதம் முடிந்தது என்று நினைத்தாள். பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காகப் பழைய ஹெரானிலும் அதையே ஓட்டினாள். அங்கே பூஜ்யம் வர வேண்டும்.

நான்கு வந்தது.

மறுபடி ஓட்டினாள். மூன்று.

எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் ஜாய்சன் நிமிர்ந்து பார்த்தான். “என்னம்மா, மூஞ்சியே மாறிடுச்சு?”

“இரு, சொல்றேன்.”

அரைமணி நேரத்தில் பிடித்துவிட்டாள். பதிவு எழுதும்போது ஹெரான் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தது. கோப்புகளுக்கு நேரம் போடும் கடிகாரம் வேறு. அது ஓரிரு மில்லி செகண்டு பின்தங்கி ஓடும். நொடி மாறும் அந்த நூலிழையில் பதிவு புதிய நொடியிலும், அதற்குப் பிறகு மாறிய கோப்பு பழைய நொடியிலும் விழுந்துவிட்டால், பழைய சோதனையும் ஏமாந்துபோகும். அந்த வரி ஆறு வருடத்துக்கு முன் வந்தது. படித்து ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது.

“நீ ஓகே பண்ணதா?” என்றான் ஜாய்சன்.

“நானேதான்.”

“பழசைப் பத்தி அந்த சுதீர் கேக்கவே இல்லையே.”

“கேக்கலைன்னா? தப்பு தப்புதானே.”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதிலின் முதல் வரியிலேயே அதை வைத்தாள்: ‘பழைய சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நான் கவனிக்காமல் விட்டது.’ அதன் கீழே இரண்டு எண்கள், ஸ்கிரிப்ட், காரணம். வெளியீட்டை ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் காலைக்குள் மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். சுதீர் போன் செய்தார்.

“மேடம், அந்தத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணைப் பாத்து வெக்கமாப் போச்சு. பக்கத்துலயே உங்க நாலும் இருந்ததாலதான் போன் பண்ணத் தைரியம் வந்துது. சனிக்கிழமை மல்லேஸ்வரம் வர முடியுமா? உக்காந்து முடிச்சிடலாம்.”

சம்பிகே ரோட்டை ஒட்டிய காபிக் கடையொன்றின் மாடியில் சந்தித்தார்கள். சுதீருக்கு நாற்பது வயதிருக்கும். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்துத் தமிழர். “இன்னெரடு காபி கொடி” என்று பரிமாறுபவரிடம் கன்னடத்தில் இன்னும் இரண்டு காபி கேட்டுவிட்டு, அதே மூச்சில் தமிழுக்குத் திரும்பினார்.

“கிளாக்கைப் பாக்கவே வேணாம். ரெக்கார்டும் ஒரு ஃபைல்தானே? டிஸ்க் அதுக்குப் போட்ட டைமையே எடுத்துப்போம். ரெண்டும் ஒரே கிளாக்.”

“கரெக்ட். அப்போ ஓட்டை அடைஞ்சது. ஸ்பீடுக்கு?”

சுதீர் தன் பேட்ச்சில் பாதியைத் தானே அழித்தார். “சந்தேகமான ஃபைலை ஒரு தடவை படிச்சிடுவோம். படிச்சு முடிச்சதும் ரெக்கார்டைப் புது டைம்ல திரும்ப எழுதிடுவோம். அடுத்த தடவை சந்தேகமே கிடையாது.”

“இதான் சார் பேட்ச்.”

“ஆனா முதல் தடவை பதினோரு செகண்டு ஆகுமே. எங்க ஆபீஸ்ல ஒரு செகண்டுன்னு சொல்லிட்டேன்.”

“ரெண்டாவது தடவைலேர்ந்து ஒரு செகண்டுன்னு சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?”

“நூறு.”

“அப்புறம் என்ன?”

சுதீர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

ஸ்கிரிப்ட்டை ஓட்டினார்கள். ஆயிரத்துக்குப் பூஜ்யம். சாந்தகுமாரிக்கு அது போதவில்லை. லட்சம் முறை ஓடும்படி மாற்றினாள். ஐம்பது நிமிடம் ஆகும் என்றது திரை. இருவரும் காத்திருந்தார்கள். கீழே பூக்காரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள். சுதீர் மசால் தோசை வரவழைத்தார். எண்பதாயிரம் தாண்டியபோது இருவருமே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

லட்சத்துக்கும் பூஜ்யம்.

“உங்க பேரை எங்க போடட்டும்?” என்று கேட்டார் சுதீர்.

“பேட்ச் உங்களோடது. படிச்சதுன்னு என் பேரைப் போடுங்க. பழைய தப்புக்கும் என் பேரைப் போடுங்க.”

அவர் இரண்டையும் எழுதி, பேட்ச்சை அனுப்பினார். சாந்தகுமாரி தன் லேப்டாப்பில் அதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடைசி வரியையும் படித்த பிறகே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி, லேப்டாப்பை மூடினாள்.