மகன் விழுங்கிய சத்து

"எட்டு" என்றாள், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைச் சோதிக்கும் செவிலி. "ரத்தம் பதினொன்னாச்சும் இருக்கணும். போன மாசமும் எட்டு, இந்த மாசமும் எட்டு. மாத்திரைய ஒழுங்கா முழுங்குறியாம்மா?"

ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் மருமகளிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள். பசிக்கிறதா என்ற கேள்விக்கும்கூட.

"ஒருநாள் தவறினதில்ல சிஸ்டர். பாருங்க, அட்டை பூரா காலி."

அட்டைகள் காலிதான். செவிலி அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மகன் வயிற்றைப் பிடித்தபடி வந்தான். மரக்கடையில் பலகை சுமப்பவன், ஆறடி உயரம், முகம் மட்டும் பரீட்சையில் தோற்றவனுடையது.

"வந்தது வந்தீங்க, எனக்கும் ஏதாவது குடுங்க சிஸ்டர். நாலு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"வெளிக்குப் போனா, கறுப்பாப் போகுதா?"

அவன் திடுக்கிட்டான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இரும்புச்சத்து மாத்திரை தின்னா அப்படித்தான். உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் தாயிடம் திரும்பினான். "தெம்புக்குன்னு தெனம் குடுத்தியே, அது இவளோடதாம்மா?"

"வெயில்ல உழைக்கிறவன் நீ. வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்குடா தெம்பு? நான் நாலு பெத்தேன்; ஒரு மாத்திரை தின்னிருப்பேனா?"

"நாலுல எத்தனை தங்குச்சு?" என்றாள் செவிலி.

மாமியார் மகனைக் காட்டி, "இவன்தான்" என்றாள்.

செவிலி அவளுடைய கையை இழுத்து, விரலில் ஊசியைக் குத்தினாள். கருவி ஏழு என்று காட்டியது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட வரணும். இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிங்க."

"எனக்கா? நான் என்ன ஆம்பளையா?"

மகன் சிரிக்கவில்லை. மருமகள் செவிலியிடமிருந்து இருவருக்குமான அட்டைகளையும் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டாங்க."

"டம்ளர் எங்க இருக்கு?" என்றான், முப்பது ஆண்டுகளாக அவ்வீட்டில் வசிப்பவன்.

"தேடுங்க."

தண்ணீர் வந்தது. மருமகள் முதலில் தன் மாத்திரையை விழுங்கினாள். அடுத்ததை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். அந்தக் கை பழக்கத்தால் மகன் பக்கம் நீண்டது.

"அத்தை, உங்களுக்கு. முழுங்கிட்டு வாயத் திறந்து காட்டுங்க."

மாமியார் விழுங்கினாள். மருமகள் குனிந்து, நாக்கின் அடிவரை பார்த்தாள்.