பேர் கொடுத்தவன்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் போலீஸ் ரிப்போட் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, முதலில் கையைத் தூக்கியவன், அங்கே வந்திருந்த வேன்காரன் அழகையாதான். "நம்ம புள்ளைகள ஏத்திட்டுப் போறவன் யாரு, என்னான்னு பாக்கத்தானே வேணும்" என்று எழுந்து நின்று சொல்லவும் செய்தான். கூட்டம் தலையாட்டியது. தன் கையே தன் கண்ணைக் குத்தப் போகிறது என்று அந்த மனிதனுக்கு அப்போது தெரியவில்லை.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேற்கணக்கு என்கிற மேல் பிரிவின் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை அவன் பதினான்கு வருசமாக டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறான். வேன் அவனுடையது, தொழில் அவனுடையது, துரைக்கும் கங்காணிக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் எப்போதும் முன்னால் கிடக்கும். தோட்டத் தலைவர் கந்தப்பனின் பேத்தி கௌசிக்கு அந்தப் பழம் இல்லாவிட்டால் மூன்றாவது வளைவு தாண்டாது. அதனால் முன் சீட்டு அவளுக்கென்றே ஆகிவிட்டது.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, விரல் ரேகை வைத்து, மூன்று வாரம் காத்திருந்தான். போலீஸ் ஸ்டேசனில் மீசை முளைத்தும் முளைக்காத ஓர் அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்றொன்பதாம் வருசம், கசிப்புச் சாராயம் காய்ச்சியது, குற்றத்தை ஒப்புக்கொண்டது, தண்டனை பெற்றது. அழகையாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது அன்றைக்கே முடிந்துபோன விசயம், தண்டம் கட்டியாயிற்று என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். தண்டம் கட்டினால் வழக்குத்தான் முடியும், பதிவு முடியாது என்று அவர் பொறுமையாகவே சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வழக்கின் கதை மேற்கணக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருசம் தேர்த் திருவிழாவுக்காக லயமே சேர்ந்து ஊறல் போட்டது. தலைவர் கந்தப்பனின் மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஓடையோரம் பீப்பாயைப் புதைத்தார்கள். போலீஸ் வந்து தோண்டி எடுத்தது. முழு லயத்தையும் ஏற்றுவதா, ஓர் ஆளைக் கொடுப்பதா என்று கேட்டார்கள். இப்படி வரும்போது ஒருவன் "பேர் கொடுப்பது" அங்கே பழைய வழக்கம். குடும்பக்காரன் போனால், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் விழாது, அடுப்பு எரியாது. ஆகவே கல்யாணம் ஆகாதவனிடம் தலைவர் வெற்றிலைத் தட்டோடு போவார். தட்டை வாங்கினால் சம்மதம் என்று பொருள்.

இருபத்திரண்டு வயது அழகையா தட்டை வாங்கினான். ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கான ஒரே ஒரு சிங்களச் சொல்லை இரவெல்லாம் பாடம் பண்ணிப் போய்க் கோட்டில் நீதவான் முன்னால் சொன்னான். தண்டத்தை வீடு வீடாகச் சேர்த்து லயமே கட்டியது. மத்தியானம் லொறியில் வந்து இறங்கியவனுக்கு மாலை போட்டார்கள், திருவிழாச் சோற்றில் முதல் இலை அவனுக்குத்தான். அந்த மாலையை நினைத்து எத்தனை வருசம் பூரித்துப் போயிருப்பான்! பைத்தியக்காரன்.

பள்ளிக்கூட அதிபர் நல்லவர். தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"எனக்கு உங்களத் தெரியும் அழகையா. ஆனா பேப்பர்ல கசிப்புக் கேஸ்னு இருக்கே. நடந்தத எழுதி, உங்க தோட்டத்து ஆளுங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா நான் கமிட்டியில பேசுறேன். வரலைன்னா திங்கக்கிழமையில இருந்து வேற வேன்தான்."

இவ்வளவுதானா என்று அழகையா உற்சாகமாகவே வீட்டுக்கு வந்தான். நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு கையெழுத்து. மனைவி இந்திராதேவி முத்து முத்தாகக் கடிதம் எழுதினாள். பீப்பாய் அழகையாவுடையது அல்ல, திருவிழாவுக்காக எல்லோரும் சேர்ந்து செய்தது, அவர் எங்களுக்காகப் பேர் கொடுத்தார். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

உண்மைக்குத்தான் கையெழுத்துக் கிடைக்காது. செல்லசாமி மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றான். ராசம்மா, மகன் வந்து பார்க்கட்டும் என்றாள். அவள் புருசனும் அன்று அந்தப் பீப்பாய்க்குச் சீனி சுமந்தவன்தான். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், அழகையாவைப்போல ஒரு மனுசன் உண்டா என்றார்கள், பேனாவை மட்டும் தொடவில்லை. கடைசியில் கந்தப்பன்தான் வாயைத் திறந்து சொன்னார்.

"எல்லாரும் சேந்து செஞ்சதுன்னு எழுதினா எல்லாரு பேரும்தானே போலீசுக்குப் போகும் தம்பி? புள்ள குட்டிக்காரங்க. நீயே யோசிச்சுப் பாரு."

"அன்னைக்கு நீங்கதானே தலைவரே வெத்தல வச்சீங்க?"

"வச்சேன். இல்லேங்கலயே. வாயால எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். எழுத்துலதான் வேணாங்கிறேன்."

வாயால் சொன்னதைக் கமிட்டி எங்கே கோப்பில் போடும்? வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தில் இரண்டே கையெழுத்து இருந்தது. ஒன்று அவனுடையது, மற்றது இந்திராதேவியுடையது. அதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? பையிலேயே வைத்துக்கொண்டான்.

அன்று சாயந்தரம் பிள்ளைகளை இறக்கிவிட்டபோது கௌசி, "திங்கக்கிழமையும் நான்தான் முன்னுக்கு, சரியா மாமா?" என்றாள். அழகையா எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். வேற வேனில் இது இருக்காது, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்ல நினைத்தான். கதவை மட்டும் மெல்லச் சாத்தினான். பதினான்கு வருசத்தில் முதல் தடவையாக, வெறும் வேனுக்குள் உட்கார்ந்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கந்தப்பன் லயத்துப் பாதையில் ஏறி வருவதை இந்திராதேவிதான் முதலில் கண்டாள். வெள்ளை வேட்டி, கையில் தட்டு, பின்னால் செல்லசாமி.

"என்னாங்க, தலைவரு வர்றாருங்க! மனசு மாறிட்டாரு போல. அந்தக் கடுதாசிய எடுங்க."

அழகையா கடிதத்தின் மடிப்பை நீவிவிட்டான், பேனாவைத் தேடி எடுத்தான். இன்றே நாற்பத்திரண்டும் வாங்கிவிட்டால் விடியற்காலையில் அதிபர் வீட்டுக்கே போய்விடலாம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டது. இந்திராதேவி இருந்த பால்மா எல்லாவற்றையும் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள்.

கந்தப்பன் உட்கார்ந்தார். கடிதத்தைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"நம்ம செல்லசாமி மகன் விஜிதரன்கிட்ட முந்தாநாத்து கசிப்புக் கேன் ரெண்டு புடிச்சிட்டாங்க. கூட்டாளிங்களோட வேல. நாளைக்குக் கோட்டுல ஒரு ஆளு நிக்கணும், யாருன்னு போலீசு இன்னும் பேரு எழுதல. அவனுக்கு ருமேனியா விசா வர்ற நேரம் தம்பி. போலீஸ் ரிப்போட் சுத்தமா இருக்கணுங்கிறாங்க. ஒரு கேஸ் விழுந்தா அவன் வாழ்க்கையே போச்சு."

தட்டை மெல்ல முன்னால் நகர்த்தினார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம்.

"உன் பேருதான் ஏற்கனவே அங்க இருக்கே. நனஞ்ச பெறகு முக்காடு என்னாத்துக்கு? தண்டத்த நாங்க பாத்துக்கிறோம்."

இந்திராதேவி விளக்குமாற்றைத் தேடினாளோ என்னவோ, கைக்கு அகப்பட்ட வெறும் கோப்பையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். "ஒரு கையெழுத்துப் போடப் பயந்த கை, தட்ட நீட்ட மட்டும் கூசலியா? எந்திரிச்சுப் போங்க!" செல்லசாமி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். கந்தப்பன் தலையைக் குனிந்தார். ஆனால் தட்டை எடுக்கவில்லை.

அழகையாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வழியே வேன் தெரிந்தது. நேற்றே கழுவித் துடைத்து வைத்திருந்தான், பழக்கதோசம். நாளை ஆறரை மணிக்கு வேறு யாரோ வந்து ஹோன் அடிப்பான், பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பது? கோட்டு அதைவிட லேசு. அங்கே சொல்ல வேண்டிய சொல்லும் இன்னும் மறக்கவில்லை.

நாற்பத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கும் அவன் வேண்டியதில்லை. அவன் பேர்தான் வேண்டியிருந்தது, அன்றைக்கும் இன்றைக்கும்.

கடிதத்தை நான்காக மடித்து வெற்றிலைக்குக் கீழே வைத்தான். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான்.

"எத்தன மணிக்குத் தலைவரே?" என்று கேட்டான். "காலையில எனக்கு வேற வேல இல்ல."