மார்லிஸின் மூன்று சக்கரம்

மார்லிஸ் ஹௌட்டலா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள். வடக்கு மினசோட்டாவின் பனிக்காலத்தில், ஏரிக்கரைச் சாலையில், விடிவதற்கு முன்பே கிளம்பி வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவாள். ஒரு தடவைகூடப் பேருந்தைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு உள்காதில் ஒரு கோளாறு வந்தது. முதலில் காதுக்குள் இரைச்சல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தரை, கூரை எல்லாம் ராட்டினமாகச் சுற்றும். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளே பேருந்துச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். தன் காரையும் விற்றுவிட்டாள்.

எங்கள் சர்ச்சில் லவோன் என்று ஒருத்தி இருக்கிறாள். யாருக்காவது கஷ்டம் என்று காதில் விழுந்தால் அவளால் சும்மா உட்கார முடியாது. மார்லிஸை யார் யார் எந்தக் கிழமையில் கடைக்கு அழைத்துப் போவது என்று முறை போட்டுக் கொடுத்தாள். எனக்கு வியாழக்கிழமை. நான் போய் நிற்கும்போதெல்லாம் மார்லிஸ் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தயாராக நிற்பாள். ஏறும்போது ஒரு நன்றி, இறங்கும்போது ஒரு நன்றி, நடுவில் இரண்டு. ஒரு நாள் வரும் வழியில் சொன்னாள், "ஒரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கணும்னா வாரம் முழுக்கக் காத்திருந்து, அப்புறம் வீடு வரைக்கும் நன்றி சொல்லிக்கிட்டே வர வேண்டியிருக்கு. வயித்துல போற ரொட்டி செரிக்குமா சொல்லு."

அந்த இலையுதிர் காலத்தில் அவள் அந்த வண்டியை வாங்கினாள். பெமிஜி பக்கத்தில் ஒரு தம்பதி விற்றது. ஒரு சாய்வு நாற்காலிக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் மாட்டி, பெடலைக் காலுக்கு நேராக முன்னால் நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உட்கார்ந்தால் தரைக்கும் அவளுக்கும் ஒரு சாண்தான். கைப்பிடி இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில். பின்னால் பொருள் வைக்க ஒரு பெட்டி, உயரமான கம்பியில் ஆரஞ்சு நிறக் கொடி, முன்னும் பின்னும் விளக்கு. "தலை சுத்தப் போகுதுன்னு தெரிஞ்சா ஓரமா நிறுத்திட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். இதுல கீழ விழறதுக்கு எங்க இடமிருக்கு?" என்றாள்.

அவள் அண்ணன் வெர்லின்தான் முதலில் கேலி செய்தவன். கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், பனி வாரும் லாரியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மேட்டுத் தெரு வந்து பெரிய தெருவில் முடிகிற மூலையில் அவன் வீடு. மார்லிஸ் எங்கே போனாலும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"கட்டிலோட கடைக்குக் கிளம்பிட்டியா?" என்றானாம் முதல் நாள்.

"நீ சோபாவில படுத்துக்கிட்டு டிவிக்குப் போறே. நான் கடைக்காவது போறேன்" என்று சொல்லிவிட்டு இவள் போய்விட்டாள்.

பனி விழுந்ததும் நிறுத்திவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவளோ மூன்று சக்கரத்துக்கும் ஆணி பதித்த டயர் வரவழைத்து மாட்டினாள். வண்டியை வீட்டுக்குள் வைத்தால் ஒட்டிய பனி உருகி மறுபடி உறைந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, வெளியே கொட்டகையிலேயே வைத்தாள். பால் உறையாமலிருக்கப் பெட்டிக்குள் பழைய கம்பளியை வெட்டி ஒட்டினாள். முட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பனி லாரி போன பிறகு ஒவ்வொரு தெரு வாயிலும் வரப்பு கட்டினாற்போல் பனி குவிந்து கிடக்கும். அவள் இருக்கையின் பின்னால் செருகியிருந்த குட்டி மண்வாரியை எடுத்து, இறங்கி, வண்டி அகலத்துக்கு வழி வெட்டிக்கொண்டு போவாள். கார்களில் போகிற நாங்கள் கை காட்டுவோம். லவோனின் முறை மெல்ல மெல்லக் கலைந்தது.

ஜனவரியில் ஒரு நாள் கொஞ்சம் வெயில் அடித்து எல்லாம் இளகி, ராத்திரியே திரும்ப உறைந்தது. மறுநாள் தெருவெல்லாம் கண்ணாடி. மேகம் கவிந்த பகல். மார்லிஸ் ரொட்டியும் தபால் தலையும் வாங்கிக்கொண்டு பெரிய தெருவில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மேட்டுத் தெரு முனையில் மேலிருந்து வெர்லினின் பிக்கப் வண்டி இறங்கி வருவதைப் பார்த்தாள். அவன்தான் நிற்க வேண்டிய இடம் அது. இருந்தாலும் பிக்கப்பின் போக்கு சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. பிரேக்கைப் பிடித்து நின்றாள். நின்ற இடத்திலேயே வந்து மோதியது. வேகம் ஒன்றுமில்லை, யாரோ கதவைத் தோளால் தள்ளித் திறப்பதுபோல அவளை வண்டியோடு தள்ளிக்கொண்டுபோய்ப் பனிக்குவியலில் சொருகிவிட்டு நின்றது. கழுத்து வரை பனி. மணிக்கட்டில் ஒரு வீக்கம், ஒரு சக்கரம் கோணல், ரொட்டி நசுங்கிவிட்டது. அவ்வளவுதான் சேதம்.

ஆனால் அந்தச் சில நொடிகளில் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வெர்லினின் முகம். வாய் திறந்து கிடந்தது. கண் நேராக அவள் கண்மேல் இருந்தது.

வெர்லின் ஓடி வந்தான், வழுக்கி விழுந்தான், எழுந்து கையாலேயே பனியைத் தோண்டி அவளை வெளியே எடுத்தான். ஷெரிப் ஆபீஸிலிருந்து ஓர் இளம் போலீஸ்காரன் வந்து அவளைத் தன் காருக்குள் உட்கார வைத்து ஹீட்டரைப் போட்டான். வெளியே வெர்லினிடம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டான். வெர்லின் சொன்னது மார்லிஸுக்கு மறுநாள்தான் தெரிந்தது. லவோன் போன் செய்தாள், மறுபடி முறை போட்டிருப்பதாகவும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும். "பாவம், வெர்லினுக்குக் கண்ணுல படவே இல்லையாமே. அவ்வளவு தாழ்வா இருந்தா யாருக்குத்தான் தெரியும்?" என்றாள்.

அதன் பிறகு ஊரே ஒரே குரலில் பேசியது. பாதிரியார் வந்து காபி குடித்துவிட்டு நயமாகச் சொன்னார். ஷெரிப் ஆள் வசந்த காலம் வரை அந்த வண்டியை எடுக்காமல் இருந்தால் நல்லது என்றான். நானும், உண்மையைச் சொன்னால், அதையேதான் நினைத்தேன். மார்லிஸ் எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தாள், யாருக்கும் சரி என்று சொல்லவில்லை.

மணிக்கட்டு வீக்கம் வடிந்ததும் காலணியில் முள் பட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்கு வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

"நீ என்னைப் பாத்தே, வெர்லின்."

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"அன்னிக்கு வெயிலே இல்ல."

அவன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, "முப்பது வருஷம் இந்தக் கவுண்டி ரோட்டுல பனி வாரினவன் நான். மொட்டை டயரைப் போட்டுக்கிட்டு மேட்டுல இறங்கினேன், நிறுத்த முடியலன்னு என்கூட லாரி ஓட்டினவனுங்க கிட்டப் போய்ச் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

"அது என்னால ஆகாது."

"என் மூணு சக்கரத்துலயும் ஆணி இருந்துது. உன் நாலு சக்கரத்துல என்ன இருந்துதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் ஒருத்தர் கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். சொல்றதுன்னா நீதான் சொல்லணும்."

ஏன் நீயே சொல்லவில்லை என்று நான் கேட்டேன். தான் சொன்னால் அது அண்ணன் தங்கைச் சண்டையாகிவிடும், அவன் இல்லை என்பான், ஊர் இரண்டாகும், கடைசியில் வண்டி மேல்தான் பழி நிற்கும் என்றாள். அதோடு, அவனுக்கு மனைவி போன பிறகு மிச்சமிருந்தது அந்தப் பனி லாரிப் பெருமை ஒன்றுதான், அதைத் தன் கையால் பிடுங்க மனசு வரவில்லை என்றாள்.

ஹார்டுவேர் கடை ரூடி சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தான். மார்லிஸ் மறுபடி கிளம்பினாள். இந்தத் தடவை ஒரு வேலையை மூன்றாக உடைத்தாள். காலையில் பாலுக்கு ஒரு நடை, பிறகு தபால் ஆபீசுக்கு, மத்தியானம் நூலகத்துக்கு. ஒவ்வொரு தடவையும் வெர்லினின் சமையலறை ஜன்னலுக்கு முன்னால், போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. நிற்க மாட்டாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆணிகள் உறைபனியில் நொறுநொறுவென்று கடிக்கிற சத்தம் மட்டும் உள்ளே கேட்கும். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது வரை இறங்கிய அந்த வாரத்திலும் விடவில்லை. கண் இமை வெள்ளையாக உறைந்து, முகத்தில் சுற்றிய துண்டு பலகையாக விறைத்து, இருமல் மருந்து ஒரு பாட்டிலுக்காக அவள் போவதை நானே பார்த்தேன். காரை நிறுத்தி ஏறிக்கொள் என்றேன். "வேணாம், சூடாத்தான் இருக்கேன்" என்றாள். பொய் சொல்லவில்லை, கோட்டுப் பொத்தானைத் திறந்து விட்டிருந்தாள். வெர்லின் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டான். பிக்கப் அந்த விபத்து நடந்த நாளிலிருந்து அவன் முற்றத்திலேயே பனி மூடிக் கிடந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் தபால் ஆபீசிலிருந்து வரும்போது அவள் காதில் இரைச்சல் தொடங்கியது. வெர்லின் வீட்டுக்கு நேர் எதிரே. ஓரமாக ஒதுங்கினாள், ஆனால் பனி வரப்பு தெருவுக்குள் வந்திருந்ததால் முழுதாக ஒதுங்க முடியவில்லை. பிரேக்கைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உலகம் சுற்ற ஆரம்பித்தது. இருக்கையில் தலையைச் சாய்த்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். கார்கள் வேகம் குறைத்து விலகிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. சுற்றல் நின்று கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது வீட்டுச் செருப்பு போட்ட இரண்டு கால். வெர்லின் சட்டையோடு, கோட்டு இல்லாமல், கையில் மண்வாரியோடு அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்று, வருகிற வண்டிகளுக்கு விலகிப் போகச் சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள போ. கால் விறைச்சுப் போயிடும்" என்றாள்.

"நீ முதல்ல கிளம்பு."

கிளம்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது, சத்தமாக இல்லை. "எல்லாரும் உன் கொடியைப் பாத்து ரொம்ப தூரத்துலயே வேகத்தைக் குறைச்சுட்டாங்க, மார்லிஸ். நான் சைகை காட்ட வேண்டிய வேலையே இல்ல." அவள் நிற்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நான் பறவைத் தீனி வாங்க ரூடியின் கடைக்குப் போயிருந்தேன். அடுப்போரத்து மேசையில் வழக்கமான ஆட்கள் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் வெர்லினோடு பனி லாரி ஓட்டியவர்கள். வெர்லினும் இருந்தான். மார்லிஸ் கல்லாவுக்கு முன்னால் பிரேக் கம்பி ஒன்றை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருப்பது தெரிந்தேதான் அந்த மேசையிலிருந்த கோர்டி பேச்சை எடுத்தான். பனிக்காலத்தில் இந்த மாதிரி வண்டிகளைப் பெரிய தெருவில் விடக் கூடாது என்று டவுன் கவுன்சிலில் சொல்லப் போகிறானாம். "வெர்லின் கண்ணுக்கே தப்பிச்சுதுன்னா, நம்மள மாதிரி ஆளுக்கு எங்க தெரியப் போகுது?"

மார்லிஸ் திரும்பவில்லை. கம்பியை மட்டும் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் பாத்தேன்" என்றான் வெர்லின்.

கோர்டிக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டான்.

"அவளை. மேட்டு உச்சியிலேருந்தே கொடி தெரிஞ்சுது. பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கல. டயர் மொட்டை. அக்டோபர்லயே மாத்தியிருக்கணும், மாத்தல. அந்த ஷெரிப் ஆபீஸ் பையன் கிட்ட நான் சொன்னது பொய்."

கோர்டி தன் கோப்பைக்குள் பார்த்தான். ரூடி எழுந்து போய், ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பைகளிலெல்லாம் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினான். வெர்லினின் முகம் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து ஓடவில்லை. கடைசியில் கோர்டி, "மொட்டை டயரா? நீயா?" என்றான். "நான்தான்" என்றான் இவன்.

மார்லிஸ் கம்பியைப் பையில் போடச் சொல்லிவிட்டு மேசைப் பக்கம் வந்தாள். "ஷெரிப் ஆபீசுக்கு எப்போ போகப் போறே?"

"இப்பவே."

"எதுல?"

"நடந்துதான். அந்த டயர்ல வேற எப்படிப் போறது?"

யாரோ சிரித்தார்கள். அதோடு மற்றவர்களும் சிரித்தார்கள். வெர்லின் தொப்பியை எடுத்து மாட்டினான்.

நான் தீனி மூட்டையைக் காரில் வைக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் நடையில், அவள் வண்டியில், அவன் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு.

ஷெரிப் ஆபீசில் எழுதியதை மாற்றினார்கள். வெர்லினுக்கு ஒரு அபராதமும் வந்தது. கோர்டி கவுன்சிலுக்குப் போகவில்லை. அந்தப் பனிக்காலம் முடிகிற வரை வெர்லின் கடைக்குள் நுழைந்தாலே யாராவது தலையைத் தடவிக்கொண்டு மொட்டையைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். வாங்கிக்கொண்டான். புது டயர் போட்ட பிறகும் மேட்டில் இறங்கும்போது ஆமை மாதிரி இறங்குவான், பின்னால் வருகிற எங்களுக்குப் பொறுமை போகும்.

லவோனுக்கு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. வானிலை மோசமாகும் என்று ரேடியோவில் சொன்னால் மார்லிஸுக்குப் போன் போடுகிறாள். நேற்றும் போட்டாளாம். காற்று வடமேற்கிலிருந்து, சீட்டிபோல ஊதிக்கொண்டிருந்தது, பனித்தூள் தெரு மட்டத்தில் பாம்புபோல ஓடியது. நான் வீட்டுக்குத் திரும்பும்போது எதிரே மார்லிஸ் வந்தாள். காற்றுக்கு எதிராகத் தலையைத் தாழ்த்தி, முழங்கால் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்க, கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். கடை மூட இன்னும் நேரமிருந்தது.