சிவப்பு விளக்குக்கு ஒரு தீர்மானம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சங்கத்தின் செயற்குழு கூடியபோது, அந்த அறையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாடிப்படிக்குப் பக்கத்தில் படபடவென்று மின்னிய சிவப்பு விளக்கு.

அதை முதலில் பார்த்தவள் கீர்த்திகா. பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாகப் பேட்டரிகளைச் சோதிக்கிறவள். அந்த அனுபவத்தை மதித்துச் சங்கம் அவளுக்குக் கொடுத்திருந்த பொறுப்பு, கூட்டக் குறிப்பு எழுதுவது. கையெழுத்து அழகாக இருக்குமாம்.

விளக்கு, பொங்கல் விருந்துக்காக வாங்கிய சக்கரம் வைத்த ஸ்பீக்கரினுடையது. ஆரஞ்சு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது, சிவப்பு மின்னினால் உள்ளே கோளாறு, உடனே கழற்று. இதெல்லாம் ஸ்பீக்கரின் முதுகிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது. அதற்கு மேல்தான் சங்கத்தின் பெயரை ஒட்டியிருந்தார்கள்.

ஸ்பீக்கரோடு வந்த சார்ஜர், தொலைந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பொருளாளர் ஸ்ரீகரன் தன் பழைய மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியிருந்தார். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற சமூகம், சார்ஜருக்கு ஒரே பொருத்தம் பார்த்தது: முனை துளைக்குள் போனது.

கீர்த்திகா உள்ளங்கையை ஸ்பீக்கரின் பக்கத்தில் வைத்தாள். சுட்டது. பல் வலிக்காரன் கன்னம்போல ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நகப்பூச்சு வாடை லேசாக வந்தது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புவதற்குள் ஸ்ரீகரன் மறுபடி போட்டுவிட்டார்.

“என்னலா நீங்க, ராத்திரியிலிருந்து ஏறிக்கிட்டிருக்கு. இன்னும் பச்சை வரல.”

“வராது அங்கிள். வேற சார்ஜர். உள்ள பேட்டரி கெட்டுப்போச்சு. வெடிக்கும்.”

தலைவர் ஆனந்தராஜா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. “அஜெண்டாவுல அது எத்தனாவது ஐட்டம்?”

“அஜெண்டாவுல இல்ல அங்கிள்.”

“அப்ப கடைசியில, இதர விஷயங்கள்ல எடுத்துக்கலாம். சங்கச் சாமான் மேல தீர்மானம் இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. போன தீபாவளிக்கு எவனோ ஐஸ்பெட்டியை ஆஃப் பண்ணி முப்பது கிலோ ஆட்டுக்கறி நாறிப்போச்சு, ஞாபகம் இருக்கா?”

துணைத் தலைவி பத்மாவதி சமாதானம் சொன்னார். “ஏம்மா பயப்படற? எங்க வீட்டு சாமி மேடையில சிவப்பு விளக்கு இருபது வருஷமா எரியுது. ஒண்ணும் ஆகல.”

“சாமிக்கு பேட்டரி இல்ல ஆன்ட்டி.”

“வாய் மட்டும் நல்லா சார்ஜ் ஆகுது இவளுக்கு.” பத்மாவதி எழுந்துபோய், கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினார். “கண்ணைக் கூசுது.” ஆபத்து இப்படியாகத் தீர்ந்தது.

கீர்த்திகா தரையைப் பார்த்தாள். நூறு வருடத்துப் பலகை. கீழே மஹ்பூபாவின் துணிக்கடை. அவள் பிள்ளைகள் இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் துணிக்கட்டுகளின் மேல்தான் படுத்துக் கிடக்கும். மேலே இருக்கும் ஒன்பது பேரும் இறங்க ஒரே மரப்படி. அந்தப் படியின் தலைமாட்டில் ஸ்பீக்கர்.

“முதல் ஐட்டம்,” என்றார் தலைவர். “போன கூட்டக் குறிப்பை வாசி.”

அவள் எழுந்தாள். மூன்று வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட அவள் பொய்யாகப் போட்டதில்லை. ஏழு தீர்மானங்களையும் மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி ஓடி வாசித்தாள். அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்து நிதானமாக வாசித்தாள்:

“எட்டு. சங்கத்தின் மின்சாதனம் எதுவும் சார்ஜில் சூடேறினால், உடனே கழற்றி வெளியே வைக்க வேண்டும். முன்மொழிந்தவர் திரு. ஆனந்தராஜா. வழிமொழிந்தவர் திரு. ஸ்ரீகரன்.”

போன கூட்டத்தின் பின்பாதியை ஆனந்தராஜா கண்மூடித்தான் நடத்தியிருந்தார். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆமா. சொன்னேன். ஸ்ரீ, நான் சொன்னேன்தானே?”

“நல்லா சொன்னீங்களே அண்ணே! நான்தானே வழிமொழிஞ்சேன்.”

“அப்புறம் என்னத்துக்குய்யா இன்னும் சொருகி வச்சிருக்கே?”

ஸ்ரீகரன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். கீர்த்திகாவும் அவருமாக ஸ்பீக்கரை ஆட்டாமல் உருட்டிக்கொண்டுபோய், பின்பக்கச் சிமெண்டு மாடியில், கொடித்துணிகளுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாவது ஐட்டம், வாழை இலையா பேப்பர் தட்டா என்று சூடுபிடித்த நேரத்தில், வெளியே பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வெள்ளைப் புகை சன்னலை மறைத்தது. கீழேயிருந்து மஹ்பூபா கத்தினாள்: “அக்கா, மேல என்னத்தைக் கொளுத்துறீங்க?”

“பிள்ளைங்கள வெளிய கூட்டிப் போ மஹ்பூபா! அங்கிள், பொம்பாவுக்கு போன் போடுங்க. எல்லாரும் கீழ இறங்குங்க.”

இந்த முறை அஜெண்டாவை யாரும் கேட்கவில்லை. கீர்த்திகா புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினாள்.

பொம்பாவிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. கீழே கொண்டுவந்து போட்ட உருகிய பிளாஸ்டிக்கையும் மரப்படியையும் மாறி மாறிப் பார்த்த தீயணைப்பாளர் ஹஸ்ருல், யாருடைய நல்ல புத்தி இதை வெளியே வைத்தது என்று மலாயில் விசாரித்தார். ஆனந்தராஜா அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

நடைபாதையிலேயே கூட்டம் தொடர்ந்தது. தலைவரின் தொலைநோக்குக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம். ஸ்பீக்கர் போனாலும் புதுச் சார்ஜர் பத்திரமாக இருப்பதற்காகப் பொருளாளருக்கு ஒரு பாராட்டு. கீர்த்திகா இரண்டையும் எழுதினாள்.

“போன கூட்டக் குறிப்பைக் கொடு, கையெழுத்து போட்டுடறேன்.” ஆனந்தராஜா புத்தகத்தை வாங்கி எட்டாவது தீர்மானத்தைப் பிரியத்தோடு தடவினார். விரலில் நீலம் ஒட்டியது.

“மை இன்னும் காயலியே?”

“பினாங்குல எது அங்கிள் காயுது?”

அதுவும் சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். அவள் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.