அவசர ஆக்னஸுக்குப் பாதிப் பெயர்

என் கணவர் லைல் சிகரெட் பிடிக்கமாட்டார். இதை முதலில் எழுதிவிடுகிறேன். போர்க்காலத்தில், எங்கள் ஊர் வென்ஸ்தோர்ப்பில் இருந்த அமெரிக்க விமானதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் செத்ததற்கு அவர் வாயிலிருந்த சிகரெட்தான் காரணம் என்று ஊரே நம்பியது. தளத்தில் அவருக்குக் கொடுத்த சிகரெட் பாக்கெட் ஒவ்வொன்றும் என் அப்பாவின் கோட்டுப் பைக்குத்தான் போயிற்று. செத்த ஆறு பேரில் லைலும் ஒருவர். மற்ற ஐந்து பேர் விமானத்தில் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்.

லைல் நெப்ராஸ்காக்காரர். போருக்கு முன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். இங்கே, விமானத்தில் ஓட்டை விழுந்த இடங்களில் தகரம் ஒட்டும் வேலைக்குத்தான் அனுப்பினார்கள். ஆனால் அவர் கைவண்ணத்தைப் பார்த்த விமானிகள் விடவில்லை. லிபரேட்டர் என்ற குண்டு விமானத்தின் மூக்கு பெரிய சுவர் மாதிரி இருக்கும். ஏணி போட்டு ஏறி, அதில் குதிரை, கழுதை, குளிக்கும் பெண், கோபித்துக்கொண்ட வாத்து என்று கேட்டதையெல்லாம் வரைவார். பக்கத்தில் விமானத்தின் பெயர். யாராவது பெரிய அதிகாரி வருகிறார் என்றால் தளத்துப் பாதிரியார் முந்தின நாளே ஓடி வந்து, குளிக்கும் பெண்ணுக்கு ஒரு பாவாடையாவது மாட்டிவிடச் சொல்வார். அதிகாரி போனதும் விமானிகள் மண்ணெண்ணெய்த் துணியால் பாவாடையை அழித்துவிடுவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் விமானத்துக்குப் பெயர் எழுத வேண்டும். ஒரு முறையாவது போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய பிறகுதான் அதே பெயரையும் படத்தையும் தோல் ஜாக்கெட்டின் முதுகில் வரைந்துகொள்ளலாம். புதிதாக வந்த ஒரு கேப்டன் மட்டும் பொறுக்காமல் ஜாக்கெட்டை முதலில் வரையச் சொன்னார். சனிக்கிழமை நடனத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். லைலுக்கு அது பிடிக்கவில்லை. பிறக்காத குழந்தைக்குச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார். கேப்டனின் பெயரை அவர் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மதியம் எங்கள் அப்பா வீட்டில் முயல் கறி. லைல் இரண்டாம் முறை கறி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வேலிக் கதவருகிலேயே நின்றார்.

"லைல், கிளம்புப்பா. மீதியை முடிச்சுக் குடுத்துரு."

"குண்டு ஏத்தப் போறாங்க சார். அந்த நேரத்துல நாங்க கிட்டப் போகக் கூடாது. நாளைக்குக் காலையில முதல் வேலையா முடிச்சுடறேன்."

"நாளைக்குக் காலையில நாங்க பறக்கறோம்டா. பேரில்லாத விமானத்துல என் பசங்க ஏற மாட்டேங்கறானுங்க. பத்து நிமிஷ வேலை. வா."

லைல் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். அந்த மனிதர் ஜீப்பில் ஏறத் திரும்பியபோது ஜாக்கெட்டின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் கழற்றிய செருப்பு, தலைதெறிக்க ஓடும் ஒரு தடித்த பெண். மேலே மஞ்சள் எழுத்தில் 'அவசர ஆக்னஸ்'.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வெடித்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி முழுவதும் அப்பாவின் மடியில் விழுந்தது.

குண்டு ஏற்றும்போது ஆயுதப் பிரிவு ஆட்களைத் தவிர வேறு யாரும் விமானத்தின் பக்கம் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவை மீறி ஒருவன் பெயிண்டும் தின்னருமாக அங்கே நின்றிருக்கிறான். விசாரணைக்கு அது போதும். சிகரெட்டை யார் சேர்த்தார்கள் என்று தெரியாது. சேர்ந்துவிட்டது. விசாரணை நடத்திய அதிகாரியிடம் நானே நடந்து போய், லைலை ஒருவர் வந்து அழைத்துப் போனார், ஜாக்கெட்டில் இந்தப் பெயர் இருந்தது என்று சொன்னேன். அவர் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். தேநீர் வரவழைத்தார். வெடித்த விமானம் யாருடையது என்று கேட்டதற்கு, ராணுவ ரகசியம் என்றார். தளத்து விமானங்களின் பெயர்களையெல்லாம் ஆட்களைப் பார்க்கச் சொன்னார். பிறகு, 'அவசர ஆக்னஸ்' என்று இந்தத் தளத்தில் எந்த விமானமும் இல்லை, துக்கத்தில் இருக்கும்போது மனசு எதையாவது கற்பனை செய்துகொள்ளும் என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை நான் மறக்கவில்லை.

மாதா கோவிலில் ஐந்து பேர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்தார்கள். லைல் பெயர் வேண்டாம் என்று அந்த ஐந்து குடும்பங்களும் அமெரிக்காவிலிருந்து எழுதிக் கேட்டுக்கொண்டன. நானும் கணவர் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயருக்குத் திரும்பினேன். ஈனிட் தர்ட்டில். அந்தப் பெயரை யாரும் திட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பலரும் பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். ஊர் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, போர் விமானங்களின் பட்டப்பெயர்களையும் மூக்குப் படங்களையும் சேகரிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் சிறிய ஊர்களுக்கெல்லாம் எழுதினேன். பழைய விமானிகள் புகைப்படங்களை அனுப்பினார்கள். ஒரே பெயரில் நாலைந்து விமானங்கள் இருக்கும். ஒரே விமானத்துக்கு, ஓட்டிய ஆட்கள் மாற மாற, மூன்று பெயர் இருக்கும். வால் எண்ணையும் ஒட்டுத் தகரத்தையும் வைத்துத்தான் எது எதுவென்று பிரிக்க முடியும். மூக்கில் இருக்கும் பெண் தன் காதலி என்று சத்தியம் செய்வார்கள். நான் அதே பெண்ணை ஒரு டயர் கம்பெனிக் காலண்டரில் கண்டுபிடித்து அனுப்பினால், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வராது. ஆனால் மறு வருடம் வந்துவிடும். விமானத்தின் மூக்குகளைப் பற்றிச் சந்தேகம் என்றால் வென்ஸ்தோர்ப் ஈனிட்டைக் கேள் என்கிற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது.

நான் தேடியது ஒரே ஒரு மூக்கு. அந்த மனிதரின் பெயர் வேண்டும். கிடைத்தால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி யோசித்து வைத்திருந்தேன். சிலவற்றை இங்கே எழுத முடியாது.

'அவசர ஆக்னஸ்' எங்குமே இல்லை. நூற்றுக்கணக்கான படங்கள் வந்த பிறகும் இல்லை. அந்த அதிகாரி சொன்னதுதான் சரியோ என்று ஒரு குளிர்காலம் முழுக்க என்னையே சந்தேகப்பட்டேன்.

பிறகு ஆரின் ஸ்டாட்லர் வந்தார். கான்சாஸ்காரர், விமானத்தில் பக்கவாட்டுத் துப்பாக்கியைப் பிடித்தவர். பழைய விமானிகளின் சந்திப்புக்கு மனைவியோடு வந்தவர், அவரைக் கடைவீதியில் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். பணப்பையிலிருந்து ஓரம் மடங்கிய சின்னப் படம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது உங்க சேகரிப்புல இருக்காது மேடம். இது பறக்கவே இல்லை. அம்மாவுக்கு அனுப்பலாம்னு அன்னைக்குக் காலையில எடுத்தேன். சாயங்காலம் விமானமே இல்லாமப் போச்சு."

புத்தம்புதிய லிபரேட்டர். ஏணி. ஏணிமேல் முதுகைக் காட்டி நிற்கும் லைல். மூக்கில் ஒற்றைக் காலோடு முகம் இல்லாத ஒரு பெண். பக்கத்தில் 'அவசர ஆக்' என்பது வரை எழுத்து. அதற்கு மேல் வெறும் அலுமினியம்.

பெயர் முடியாததால் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. முழுப் பெயரும் ஒரு ஜாக்கெட்டின் முதுகில் மட்டுமே இருந்தது.

விமானத்தை ஓட்ட இருந்தவர் யார் என்று கேட்டேன். குரல் சாதாரணமாகவே வந்தது. வார்டு டில்லட்சன் என்றார். வெடித்த அந்த வாரமே தங்கள் குழு முழுவதையும் வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பழையதை யாரிடமும் பேச வேண்டாம், அபசகுனம் என்று கேப்டன் சொன்னாராம். இப்போது ஒஹையோவில் கார் விற்கிறார், பெரிய ஆள், ஓடுபாதை முனையில் வைக்கப்போகும் நினைவுக் கல்லுக்கு அவர்தான் செலவு செய்கிறார் என்றும் சொன்னார்.

அந்தக் கல்லில் பொறிக்க வேண்டிய விமானப் பெயர்களைக் கொடுக்க வேண்டியது நான். மறு வாரம் டில்லட்சனே தொலைபேசியில் பேசினார். சிரித்த குரல். தன் முதல் விமானத்தின் பெயரும் கல்லில் வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன் என்றார். ஏதோ விபத்தில் போய்விட்டதாம், பாவம். விமானத்தில் எப்படி இருந்ததோ அப்படியே பொறித்துவிடுகிறேன் என்றேன். நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

கல் தச்சர் ஹோரஸ் லார்ட்டர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். எழுத்துகளை வரைந்து காட்டியபோது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஈனிட், இது பாதியில நிக்குது?"

"பாதியிலதான் நிக்கணும்."

"ஜனங்க என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. ஹோரஸ் குடிச்சிட்டு வெட்டினான்னு."

"கொஞ்ச நேரம் சிரிக்கட்டும் ஹோரஸ். அப்புறம் யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவர் பென்சிலை எடுத்து அளவைக் குறித்துக்கொண்டார். அந்த வெடியில் அவர் வீட்டு ஜன்னலும்தான் உடைந்தது. நான் கேட்டுக்கொண்டபடி, அந்த வரியில் மீதி எழுத்துக்கான இடத்தை மட்டும் மெருகேற்றாமல் சொரசொரப்பாக விட்டார்.

ஐந்து குடும்பங்களுக்கும் நானே எழுதி அழைத்தேன். மூன்று குடும்பங்களிலிருந்து வந்தார்கள். ஆரினுக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அவர் பதில் போடவில்லை. ஆனால் வந்தார்.

மே மாதம். ஓடுபாதை இருந்த இடத்தில் பீட்ரூட் பயிர். பேண்டு வாசித்தார்கள். டில்லட்சன் கல்லை மூடியிருந்த கொடியை இழுக்க, கல் தெரிந்தது. அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு விமானியும் தன் விமானத்தின் பெயரைத் தானே கல்லைப் பார்த்துப் படிக்க வேண்டும். கூடப் பறந்தவர்கள் யாராவது உயிரோடு வந்திருந்தால், இருக்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். சிலருக்குப் பதில் வந்தது. சிலருக்குக் காற்றுதான். கடைசியில் படிக்கும் மரியாதை செலவு செய்தவருக்கு.

டில்லட்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். உயரமானவர், முடி முழுக்க வெள்ளை.

"அவசர ஆக்..." என்று படித்து நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து யாரோ, தச்சன் சாப்பாட்டுக்குப் போய்விட்டான் போலிருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டில்லட்சனும் சிரித்தார்.

"மிஸ் தர்ட்டில், கொஞ்சம் பாக்கி இருக்கு போலிருக்கே."

"விமானத்துல எவ்வளவு எழுதியிருந்துச்சோ அவ்வளவுதான் கேப்டன். மீதியை எழுதத்தானே எங்க அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போனீங்க."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு என் முகத்தில் எங்கோ அந்த வாசல் வேலியைக் கண்டுபிடித்தது தெரிந்தது.

"நீங்க..."

"லைல் ஹாவ்லிசெக்கோட மனைவி."

இது இடமில்லை, அவனாகத்தான் வந்தான், ரொம்பக் காலமாகிவிட்டது, வயதானவனை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்கலாமா என்று ஏதேதோ சொன்னார். அவரைப் பேச விட்டேன். எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு நல்லது. பேண்டுக்காரப் பையன்கள்கூடத் தங்கள் குழல்களை இறக்கிவிட்டார்கள்.

ஆரின் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். பேசும்போது கேப்டனைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார்.

"வார்டு, நீ ஜீப்பை எடுத்துட்டுத் தனியாப் போனதைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பக்கத்துல அவன் இருந்தான். அவனைக் கூட்டிட்டு வரத்தான் நீ போனேங்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவன் மேல பழி விழுந்தப்போ நீ அந்த விசாரணை அறையிலதான் உட்கார்ந்திருந்தே."

டில்லட்சன் கல்லின் மேல் ஒரு கையை ஊன்றினார். அப்போது குண்டு ஏற்றுகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தாராம். ஏணியில் அவனை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாராம். தான் விட்டுவிட்டுப் போனபோது அவன் வாயில் சிகரெட் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அதை நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். அந்த மூன்று குடும்பத்தாரும் முன் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அவர்களுக்கு முன் வரிசையில் இடம் போட்டிருந்தேன்.

யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லாரும் தேநீர்க் கூடாரத்துக்கு நடந்தார்கள். அவர் பக்கம் யாரும் போகவில்லை.

கார் ஏறுமுன் அவர் என்னிடம் வந்தார். முகம் ஒரே மதியத்தில் இறங்கிப்போயிருந்தது.

"அம்மா, என்ன செய்யணுமோ செய்யறேன். அந்தப் பேரை மட்டும் முடிச்சு வைக்கச் சொல்லுங்க. என் பேரப்பசங்க நாளைக்கு வந்து பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். ஏன் பாதியில நிக்குதுன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். நான் சாண்ட்விச் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் மாதம் ஐந்து குடும்பங்களும் லைல் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பின. மாதா கோவில் தகட்டில் ஆறாவது பெயரை ஹோரஸ் பொறித்தார். அவர் உளியைத் தட்டும்போது பக்கத்தில் நின்றேன். முழுப் பெயர், முழு ஊர், ஒரு எழுத்து விடவில்லை.

மனசு ஆறிவிட்டதா என்று ஊர்ப் பாதிரியார் கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டார் போலிருக்கிறது. ஆறவில்லை, ஆனால் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.