சதகுப்பைப் பாத்தி

நாகவல்லிக்கு மசக்கை. சோறு கொதிக்கிற வாசனை வந்தாலே கொல்லைப்பக்கம் ஓடுவாள். மோரும் நார்த்தங்காயும்தான் உள்ளே தங்கின. தச்சு வேலைக்குப் போன அப்பாவோடு பெங்களூரில் வளர்ந்தவள் அவள். அங்கே சந்தையில் சதகுப்பைக் கீரையைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். அதைப் பருப்போடு கடைந்து கொடுத்தால் ஒரு பிடி சோறு இறங்கும் என்றாள்.

கோட்டையூரில் அந்தக் கீரைக்கு எங்கே போவது? இங்கே விதைதான் தெரியும், அதுவும் பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கிற மருந்துச் சரக்காக. புருஷன் காளிதாஸ் காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். கார்த்திகைப் பனிக்கு நன்றாக வரும், ஒரு மாதத்தில் கிள்ளிவிடலாம் என்றாள் நாகவல்லி. கிணற்றடியில், தூதுவளைக்கும் ஓமவல்லிக்கும் நடுவே அவன் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினான்.

மாமியார் கண்ணாத்தாள்தான் பயந்துபோனாள். அவளுடைய தலைப்பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்கு முதல் நாள், வலிக்கு நல்லது என்று யாரோ சதகுப்பைக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். கஷாயத்தால்தான் போனதா என்று யாருக்குத் தெரியும்? அவள் அப்படித்தான் நம்பினாள். சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. மாசமாக இருப்பவள் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்றால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் மூளை ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள்: மல்லி வறுத்த சட்டியிலேயே பொட்டலத்தைக் கொட்டி ஒரு புரட்டு புரட்டினாள். ஆறவைத்துப் பழையபடி மடித்துக் கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, முளைக்கவும் முளைக்காது.

விவரம் தெரியாத நாகவல்லி விதையை மணலோடு கலந்து தூவினாள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் இது பிழைக்காது, விழுந்த இடத்திலேயே வளரவேண்டும் என்று புருஷனுக்குப் பாடம் வேறு நடத்தினாள். தினமும் காலையில் பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து, மண் கலையாமல் கையால் தண்ணீர் தெளித்தாள். கோரை முளைத்தது, குப்பைமேனி முளைத்தது. எறும்பு இழுத்திருக்கும் என்றாள் கண்ணாத்தாள். கோழி கிளறியிருக்கும் என்றாள் இன்னொரு நாள். மருமகளின் தோள் எலும்பு துருத்திக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் நாகவல்லி மண்ணைக் கிளறி விதைகளைப் பொறுக்கினாள். ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை. பொட்டலத்தில் மிச்சம் கிடந்ததை வாயில் போட்டாள். மொறுமொறுவென்றிருந்தது. மாமியாரிடம் வந்து கையை நீட்டினாள்.

"வறுத்துட்டீகளா அத்தை?"

கண்ணாத்தாள் மழுப்பவில்லை. அழுதுகொண்டே கஷாயக் கதையைச் சொன்னாள். காதுச் சீழையும் சொன்னாள்.

நாகவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. பெங்களூரில் அவள் அம்மா அந்தக் கீரையைத் தின்றுதான் ஐந்து பிள்ளை பெற்றாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், எதிரே நின்ற முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இனி அந்தக் கீரை இந்த வீட்டில் முளைத்தால், தன் பிள்ளை பிறக்கும்வரை இந்த மனுஷி உறங்கமாட்டாள் என்பது புரிந்துவிட்டது.

"எனக்கு அந்த ஆசை போயிருச்சு அத்தை."

"நெசமாவாத்தா? கேட்டவ நீயே வேணாம்னு சொன்னாத்தான் கணக்கு."

"நெசந்தான். இப்ப ரசஞ்சோறு தின்னணும்போல இருக்கு. போடுங்க."

கண்ணாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழைய வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாகவல்லிக்கு அந்த வாசனையே குடலைப் புரட்டியது. நாக்கு சதகுப்பைக்குத்தான் ஏங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய், பிறகு ஒரு வாய் என்று விழுங்கினாள். நல்லாயிருக்கா என்று மாமியார் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.