லைட்டு பத்தல

கிழக்கு வெளுக்கும்போது, உள்ளூர் டி.வி. ஸ்டுடியோவின் ரேக்குக்குப் பின்னால் மீட்டர் மண்டியிட்டுக் கிடந்தான். ஆள் உயர இரும்பு அடுக்கு. அதன் முதுகில் பல வருடக் கேபிள்கள் பின்னிக் கிடந்தன. ரப்பர் விறைத்து, தொட்ட இடமெல்லாம் தூசி அப்பியது. கத்தியால் கேபிளின் தோலைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் செம்புக் கம்பி முறியாமல் பித்தளை முனையை மாட்ட வேண்டும், இடுக்கியால் நெரிக்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. விரல் நுனிகள் மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. இந்த வேலைக்கு முன்பெல்லாம் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருவனை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் வேலையையும் சேர்த்து இவன் தலையில் கட்டினார், ஓவர்டைமையும் நிறுத்தினார். ஒரே கல்யாணத்தில் இரண்டு மொய்யை மிச்சம் பிடித்தவரின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

மீட்டர் என்பது ஸ்டுடியோவில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டான். புது பல்பு வந்தாலும் மீட்டரை வைத்துப் பார்ப்பான். "பொண்ணு பாக்கப் போனப்பவும் மீட்டர் வச்சுத்தான் பாத்தியா?" என்று மேக்கப் அக்கா கிண்டல் செய்வாள். அவனும் சிரித்துக்கொள்வான். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமைதான்.

அன்றைக்கு முதலாளி அவன் தலைமாட்டிலேயே நின்றார். பழைய சிக்னலை இனிமேல் எடுக்கமாட்டோம் என்று கேபிள் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. புதுக் கேமரா வாங்க அவருக்கு மனசு வரவில்லை. பழைய கேமராவின் படத்தை டிஜிட்டலாக மாற்றித் தரும் மாட்யூல்களை வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அகலப் பச்சைப் பலகைகள், கேமராவுக்கு ஒன்று. ரேக்கின் பள்ளத்தில் சொருகினால் முதுகில் உள்ள முனையோடு போய்ப் பொருந்திக்கொள்ளும்.

"காலைச் செய்தி இதுலதான் போகணும். சீக்கிரம்."

"சொருகிட்டேன் சார். அளந்து பாத்துட்டா முடிஞ்சிரும்."

"அளக்கறதெல்லாம் அப்புறம் வச்சுக்க. படம் வருதா, அதைச் சொல்லு."

படம் வந்தது. மூன்று கேமராவும் டிஜிட்டலில் வந்தன. ஆனால் மங்கல். செய்தி வாசிக்கும் பெண் சாயங்கால இருட்டில் உட்கார்ந்திருப்பதைப்போலத் தெரிந்தாள்.

"என்னய்யா இது, இருட்டா இருக்கு? இவ்வளவு காசு கொட்டி வாங்கின சாமான் இப்படித்தான் காட்டுமா?"

அளந்து பார்த்திருந்தால் அந்த நிமிடமே காரணம் பிடிபட்டிருக்கும். ஆனால் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன், முதலாளியின் குரல் பிடரியில் விழுந்துகொண்டே இருக்கிறது, செய்தி தொடங்கப் போகிறது. தன் வேலையில் குறை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"லைட்டு பத்தல சார்."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. முதலாளி கதவைத் திறந்து லைட்மேனைக் கூப்பிட்டுக் கத்தினார்.

லைட்மேன் வேறு யாருமில்லை, மீட்டரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். மீட்டருக்கு மச்சான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். "எத்தனை வருஷமா இதே லைட்டுலதானே எடுக்கறோம்" என்று முணுமுணுத்தான் மச்சான். ஆனாலும் மாப்பிள்ளையே சொல்லிவிட்ட பிறகு அப்பீல் ஏது? கூட்டாளிகள் இரண்டு பேரோடு ஸ்டோருக்குப் போய், ஒதுக்கிப் போட்டிருந்த பெரிய விளக்குகளைத் தூக்கி வந்தான். அவற்றுக்குப் பாதுகாப்புச் சங்கிலி இல்லை. மாட்டும் கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. புதுக் கொக்கி கேட்டு அலுத்துப்போனவர்கள் அவர்கள். ஏணியில் ஏறி மாட்டினார்கள். படம் தெளிந்தது. முதலாளியின் முகமும் தெளிந்தது.

மறுநாள் காலை, செய்திக்கு நடுவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய விளக்கு ஒன்று லேசாகத் தொய்வதைப் பார்த்து மச்சான் ஏணியில் ஏறினான். கை வைப்பதற்குள் கொக்கி விட்டுக்கொடுத்தது. கீழே செய்தி வாசிக்கும் பெண், குனிந்து அடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக எரிந்து தணலாகக் கொதிக்கிற விளக்கை மச்சான் வெறுங்கையால் தாங்கிப் பிடித்தான். "எந்திரிங்கம்மா" என்று அவன் சொன்ன குரல் அவ்வளவு நிதானமாக இருந்ததாம். அவள் எழுந்து விலகும்வரை விடவில்லை. அப்புறம் விளக்கு தரையில் விழுந்து சிதறியது. மச்சான் ஏணியிலிருந்து தானாகவே இறங்கி வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு ஸ்டுடியோவில் பொசுங்கின வாடை மட்டும் போகவில்லை. மீட்டர் ரேக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நேற்றிலிருந்தே மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. முதல் மாட்யூலை இழுத்து வெளியே எடுத்தான். பலகையின் ஓரத்தில் அரிசி மணி அளவில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அது போட்ட நிலையில் இருந்தது. இரண்டாவதை எடுத்தான். அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

விஷயம் இதுதான். வீடியோ கேபிள் போய் முடிகிற இடத்தில் சிக்னலை வாங்கி அடக்க ஒரு முடிப்பு வேண்டும். ஒரு கேபிளுக்கு ஒரே ஒரு முடிப்பு. இரண்டு இடத்தில் முடித்தால் இரண்டும் சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்ளும், படம் மங்கும். இங்கே அதே கேபிள்கள் போய்ச் சேரும் பழைய டி.வி. பெட்டிகளின் பின்னால் ஏற்கெனவே முடிப்பு மாட்டியிருந்தது. மாட்யூலில் இருக்கிற முடிப்பை அந்தக் குட்டி ஸ்விட்சால் அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம் அது. ஒரு தடவை மீட்டரை வைத்திருந்தால் முள் காட்டிக் கொடுத்திருக்கும். எதையும் அளக்காமல் விடாத மனிதன், அளக்க வேண்டிய அன்றைக்கு அளக்கவில்லை.

முன்பிருந்த விளக்குகளே போதுமாக இருந்திருக்கின்றன. மச்சான் ஏறியிருக்கவே வேண்டாம்.

சத்தமில்லாமல் ஸ்விட்சை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடியாது. பெரிய விளக்குகள் மேலேயே எரிகின்றன. ஸ்விட்சை அணைத்தால் படம் வெள்ளை வெளேரென்று வெளுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். தன் புத்தி இப்படிப் போகிறதே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. மாட்யூல்களைப் பழையபடியே சொருகிவிட்டு முதலாளி அறைக்குப் போனான்.

முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான் சார்."

"அப்ப நம்மளோடயே இருக்கட்டும். லைட் ஆளுங்க மூணு பேரையும் இன்னையோட நிறுத்திட்டேன். லைட் வேலையை வெளிக் கம்பெனிக்குக் குடுத்தாச்சு. ரொம்ப நாளா யோசிச்சதுதான்."

"அவங்க மேல தப்பு இல்லையே சார். தப்பு என்னோடது."

"லைட்டு பத்தலன்னு நீதானே சொன்னே? அதைத்தான் காரணமா எழுதியிருக்கேன்."

மீட்டர் அடுத்ததைக் கேட்டான்.

"ஆஸ்பத்திரிச் செலவாவது..."

"கையுறை போடாம ஏறினவனுக்கு நான் ஏன் குடுக்கணும்?"

"கையுறையே நாம குடுக்கலையே சார்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன் ஸ்விட்சைப் பத்தி நான் பேசல. நீ கையுறையைப் பத்திப் பேசாதே. புரியுதா? போய் வேலையைப் பாரு."

வெளியே வந்தபோது தன் வேலை தப்பித்தது என்று ஒரு நிம்மதி அவனுக்குள் எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவன் அதிகம் கூசிப்போனான். செய்த தப்பாவது தூக்கக் கலக்கத்தில் நடந்தது. இது முழு விழிப்பில் வந்தது.

வீட்டுக்குப் போனான். மனைவி அண்ணனுக்கு மாற்றுத்துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

"அண்ணன் உங்களைத்தான் கேட்டுச்சு. மாப்ள ராவெல்லாம் முழிச்சுப் போட்ட மெஷின், ஒழுங்கா ஓடுதான்னு கேட்டுச்சு. வலி உயிர் போவுது, அதுக்கு உங்க மெஷின் கவலை."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்விட்சைச் சொன்னான், தான் உளறியதைச் சொன்னான், முதலாளி சொன்னதையும் மென்று விழுங்காமல் சொன்னான். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள் கடைசியில். "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டிய எடம் வேற இருக்கு. அண்ணனோட வேலை போன அந்த ரெண்டு பேருக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று பிற்பகல், ஸ்டுடியோவின் பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி எல்லோரும் நின்றிருந்தார்கள். நிறுத்தப்பட்ட லைட் ஆட்கள் இரண்டு பேர், மேக்கப் அக்கா, கேமராக்காரர், இன்னும் சிலர். யாருக்கும் என்ன செய்வதென்று பிடிபடவில்லை. புது மெஷினே விளக்கு போதாது என்று காட்டிக் கொடுத்துவிட்டதாக ஆபீஸில் பேச்சு. மெஷினோடு யார் சண்டை போடுவது?

மீட்டர் நடுவில் வந்து நின்றான்.

"மெஷின் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

முழுவதையும் கேட்டு முடித்ததும் லைட் ஆட்களில் மூத்தவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சொந்த மச்சான்டா அவன்" என்றார். மீட்டர் கையைத் தடுக்கவில்லை. அடி விழட்டும் என்று நின்றான். அவர் அவனையே பார்த்திருந்துவிட்டு, சட்டையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேக்கப் அக்காதான் வாயைத் திறந்தாள். "உன்னை நல்லவன்னு நான் சொல்ல மாட்டேன்டா மீட்டர். இந்தப் பாவம் உன்னை விடாது. ஆனா ஒண்ணு கேக்கறேன். துருப்பிடிச்ச கொக்கியை மாட்டச் சொன்னது நீயா?"

"இல்லக்கா."

"கையுறை வாங்கித் தராதது நீயா? ரெண்டு பேரு வேலையை ஒருத்தன் தலையில கட்டி, அளக்க நேரம் குடுக்காம வெரட்டினது யாரு?"

மூத்தவர் முதலாளி அறை இருந்த பக்கம் பார்த்தார்.

"அப்ப உன் பங்கை நீ சொமந்துக்க. அவரு பங்கை நாம போய் அவருகிட்ட குடுத்துட்டு வருவோம்" என்றாள்.

கேமராக்காரர் தொண்டையைக் கனைத்தார். "வாயால சொன்னா நம்பமாட்டாரு. எல்லாரும் பாக்க அந்த ஸ்விட்சை மாத்திக் காட்டு."

கூட்டமாக ரேக் அறைக்குள் போனார்கள். சாயங்காலச் செய்திக்கு இன்னும் நேரம் இருந்தது. படம் வெளியே போகவில்லை. மீட்டர் மாட்யூலை இழுத்தான், நகத்தால் ஸ்விட்சை அணைத்தான், மறுபடி சொருகினான். திரையில் காலி நாற்காலி கண் கூச வெளுத்தது. "பெரிய லைட்டை அணைங்க" என்று கேமராக்காரர் குரல் கொடுத்தார். லைட் ஆள் ஒருவர் ஓடிப்போய் அணைத்தார். நாற்காலி, மேஜை, பின்னால் நீலத் திரை எல்லாம் தெளிவாக நின்றன. மீட்டர் இந்தத் தடவை அளந்தும் பார்த்தான். முள் சரியான இடத்தில் நின்றது.

முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"பழைய லைட்டே போதும் சார்" என்றார் மூத்த லைட் ஆள். "இப்ப எங்களை எதுக்கு நிறுத்தினீங்கன்னு சொல்லுங்க."

"மீட்டர், உனக்கும் வேலை இல்ல. வெளிய போ."

"போறேன் சார்" என்றான் மீட்டர். "நான் பண்ணதுக்கு அது நியாயம்தான். ஆனா மச்சானுக்கு வைத்தியச் செலவு குடுக்கணும். இவங்க வேலை இவங்ககிட்ட வரணும். கையுறை, கொக்கி, சங்கிலி எல்லாம் வாங்கணும். எந்த லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாலும் நான் பண்ணினதையும் சொல்வேன், நீங்க பண்ணினதையும் சொல்வேன்."

"இவனை வெளிய அனுப்பினா எங்களையும் சேர்த்து அனுப்புங்க" என்றாள் மேக்கப் அக்கா. "முகத்துக்கு நீங்களே பவுடர் போட்டுக்கிட்டு நீங்களே செய்தி வாசிங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. "வெளிக் கம்பெனிக்காரனை இப்பவே வரச் சொல்றேன். நாளைக்கு உங்க ஒருத்தர் முகத்தையும் இங்க பாக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்.

அவர்கள் ஸ்டுடியோ தரையில் உட்கார்ந்தார்கள். விளக்கு விழுந்த இடத்தில் தரை கருகியிருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செய்தி வாசிக்கும் பெண் வந்தாள். அவள் எந்தக் கூட்டத்திலும் சேராதவள். செருப்பைக் கழற்றிவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். மீட்டர் எல்லோரையும் விட்டுத் தள்ளிச் சுவரோரம் இருந்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை, பக்கத்தில் வா என்றும் சொல்லவில்லை.

அப்போது கதவு திறந்தது. அவன் மனைவி வந்தாள். அவளுக்குப் பின்னால் மச்சான். இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. மச்சான் நேராகச் சுவரோரம் வந்து நின்றான். மீட்டரால் தலை நிமிர முடியவில்லை.

"தங்கச்சி எல்லாம் சொல்லிச்சு."

"ம்."

"முதலாளி மூஞ்சிக்கு நேரா எல்லாத்தையும் சொன்னீங்களாமே மாப்ள. வெளிய பேசிக்கறாங்க."

"சொன்னேன் மச்சான். ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்" என்றான் மச்சான். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. போகவில்லை. பிறகு கட்டுப் போட்ட கையால் மீட்டரின் தோளை லேசாக இடித்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் உக்காரணும்."

மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கையை ஊன்ற முடியாத மச்சானை இடுப்பைப் பிடித்து மெல்ல இறக்கி உட்கார வைத்தான். "இங்க என்ன சுவரைக் காவல் காக்கறீங்களா ரெண்டு பேரும்? நடுவுல வாங்க" என்றாள் மேக்கப் அக்கா. உள்ளே முதலாளியின் அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. செய்தி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.